பரங்கிமலைக்கு மேலே இருந்த பர்வதம்

கிண்டியைக் கடந்து தாம்பரத்தை நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் அன்றாடம் பிரயாணம் செய்கிறவர்கள், பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை என்று நிலையங்கள் ஒவ்வொன்றாக வந்து போகையில், மாடிவீடுகளுக்குப் பின்னாலிருந்து தலைநீட்டும் கற்குன்றுகளைப் பார்க்கிறார்கள். பார்க்கிறார்கள் என்பதைவிட, அவை அங்கே இருப்பதை ஆட்சேபிக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்று சொல்வது பொருந்தும். சுமார் 300 அடி உயரமுள்ள ஒரு மேட்டைப் பரங்கிமலை என்றும், அதைவிடச் சிறியதைத் திருநீர்மலை என்றும், சானடோரியத்தின் பக்கத்தில் இருப்பதைப் பச்சைமலை என்றும் அழைப்பது நம் முன்னோரின் தாராள மனத்துக்கு ஓர் அத்தாட்சி என்று வெளியூர்க்காரர் எவரேனும் பரிகாசம் செய்யக்கூடும். ஆனால் பூகர்ப்ப சாஸ்திரிகள் அப்படிப் பரிகாசம் செய்வதில்லை. இந்தக் குன்றுகளின் கல் ஒரு பெரும் பர்வதத்தின் அடிவயிற்றில் வெந்து உருவானது என்பதை அவர்கள் அறிவார்கள். மலை என்ற பெயருக்கு இவற்றைவிட உரிமையுள்ளவை வேறு இல்லை என்றுகூட அவர்களில் சிலர் வாதிடுவார்கள்.

மலைத்தொடர்கள் எவ்வாறு உண்டாகின்றன என்று அறிய விரும்புகிறவன் இமயமலைக்குத்தானே போகவேண்டும் என்று கேட்கலாம். போகத்தான் வேண்டும், ஆனால் அங்கே அவன் காண்பது பாதிதான். இந்திய நிலப்பகுதி ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆசியாவோடு மோதி, இன்றுவரை அதை நெருக்கிக்கொண்டிருப்பதால் எழுந்த அந்தத் தொடருக்கும் அதற்கு வடக்கேயுள்ள திபெத்துக்கும் கீழே, பூமியின் மேலோடு 70 கிலோமீட்டர் வரையில் தடித்துக் கிடக்கிறது. அந்தத் தடித்த பாறையின் நடுவிலும் அடியிலும் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க வழியில்லை. மனிதன் இதுவரை பூமியில் துளைத்த மிக ஆழமான துளை, ருஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் உள்ளது. அது பன்னிரண்டு கிலோமீட்டரைச் சற்றே தாண்டியதோடு நின்றுவிட்டது. ஆகவே உயிரோடிருக்கும் மலையின் உட்புறத்தைத் தெரிந்துகொள்வதற்கு, என்றோ எழுந்து, கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையாலும் ஆற்றாலும் கரைந்து, இப்போது அடிப்பாகம் மட்டும் வெளியே தெரியும் ஒரு மலையைத் தேடிப் போவதே தக்க உபாயம். அத்தகைய தேடலில் இறங்கிய உலகத்துப் பாறையியல் ஆராய்ச்சியாளர்களுக்குப் பல்லாவரம் நெடுங்காலமாகப் பரிச்சயமான பெயர்.

அந்தக் கல்லைக் கையில் எடுத்துப் பார்ப்போம். வெயிலும் மழையும் பட்ட மேற்புறம் துருவேறியதுபோல் பழுப்பாக இருக்கும். அதை மட்டும் பார்த்துவிட்டு எதையும் சொல்லக்கூடாது என்பது களத்தில் இறங்கும் மாணவனுக்கு ஆசிரியர் சொல்லும் முதல் பாடம். சுத்தியலால் ஓங்கி அடித்து, ஒரு சில்லைப் பெயர்த்து, புதிய முகத்தை வெளிச்சத்தில் திருப்பினால், பச்சையும் கருமையும் கலந்து, எண்ணெய் தடவினாற்போன்ற ஒரு மினுமினுப்போடு கல் தன் ஸ்வபாவத்தைக் காட்டும். கைலென்ஸின் கீழே பார்த்தால் சற்றே நீலம் பாய்ந்த படிகக்கல், சாதாரணக் கிரானைட்டில் வெள்ளையாகவோ ரோஜா நிறமாகவோ இருக்கவேண்டியதற்கு மாறாக மங்கிய பச்சையாக இருக்கும் ஃபெல்ஸ்பார், அவற்றுக்கிடையே கரும்பழுப்பான பொடிமணிகள் ஆகியவை தெரியும். அந்தப் பொடிமணிகள்தாம் முக்கியமானவை. கல்லை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டி, ஒருதிசை ஒளியில் வைத்து நுண்ணோக்கியின் மேடையைச் சுழற்றினால், அவை ஒரு நிலையில் இளஞ்சிவப்பாகவும் மறு நிலையில் இளம்பச்சையாகவும் நிறம் மாறும். ஹைபர்ஸ்தீன் என்னும் கனிமத்தின் அடையாளம் அது. தண்ணீர் சிறிதும் கலவாத கனிமம் அது. கிரானைட் போன்ற ஒரு கல்லில், கறுப்பு அபிரகம் இருந்திருக்கவேண்டிய இடத்தில் அது வந்து உட்கார்ந்திருப்பது மிகுந்த உஷ்ணத்தையும் வறட்சியையும் காட்டுகிறது.

இந்தக் கல்லைக் கண்டு முதலில் பெயரிட்டவர் தாமஸ் ஹாலந்து. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் 1890-ஆம் ஆண்டில் சேர்ந்து, பிற்காலத்தில் அதன் தலைவராகவும் விளங்கிய இவர், கல்கத்தாவில் செயின்ட் ஜான் ஆலயத்து வளாகத்தில், அந்நகருக்கு அடிகோலியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் சமாதிக் கல்லைப் பார்த்தபோது, வங்காளத்து வண்டல் மண்ணில் கிடைக்கவே முடியாத இந்தக் கல், சென்னைக்குத் தெற்கேயுள்ள பல்லாவரத்துக் குன்றுகளின் கல்லே என்று அறிந்துகொண்டார். 1893-ஆம் ஆண்டில் அந்தச் சமாதிக் கல்லைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதி, சார்னாக்கின் பெயரால் அதற்குச் சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார்; 1900-இல் அதைப் பற்றிய விரிவான நூலையும் வெளியிட்டார். தம் மகள்களுக்குச் சென்னைக் கோட்டை ஆலயத்தில் ஞானஸ்நானம் செய்வித்த அந்த வியாபாரிக்கும் சென்னைக்கும் அப்படியொரு தொடர்பு இருக்கத்தான் செய்தது. என்றாலும் அண்டார்க்டிகா, நார்வே, பிரேசில் என்று எங்கெங்கே இந்த வகைக் கல் அகப்பட்டாலும், பல்லாவரத்தின் பேரைச் சொல்லாமல் கல்கத்தாக்காரர் ஒருவரின் பேரைச் சொல்ல நேர்ந்திருப்பது நமக்குச் சிறிது குறைதான்.

பல்லாவரத்துக்கு வந்த பூகர்ப்ப சாஸ்திரிகளில் ஹாலந்து முதல்வர் அல்லர். அதே துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி, இங்கே படை மைதானத்துச் சரளைக் குழியிலிருந்து ஆதிமனிதனின் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்து, இந்தியாவின் கற்காலச் சரித்திரத்தையே தொடங்கி வைத்தார். அந்தக் கோடரியோ குவார்ட்சைட் என்னும் வேறு கல்லால் ஆனது. கோடரி செய்தவன் இந்தக் கருங்கல்லைத் தொடவில்லை. இதைத் தொடும் துணிவு ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவனுக்குத்தான் வந்தது. அவன் குடைவித்த குகை இன்று ஒரு தர்காவாக மக்களின் வழிபாட்டில் இருக்கிறது.

இனி, களப்பணி என்பது என்ன என்று பார்ப்போம். சாமானியமாக நாம் நினைப்பதுபோல் அது விசித்திரமான கற்களைச் சேகரிக்கும் காரியம் அன்று. திசைகாட்டியும் சாய்வுமானியும் ஒன்றாய்ச் சேர்ந்த ஒரு சிறு கருவியைப் பாறையின் முகத்தில் பதித்து, அதில் கனிமங்கள் எந்தத் திசையில் வரிவரியாக அடுக்கப்பட்டிருக்கின்றன, அந்த வரிகள் எத்தனை பாகை சாய்ந்திருக்கின்றன என்று அளந்து, அளந்த இடத்தைப் படத்தில் குறித்து, அடுத்த பாறைக்கு நடந்து, அங்கும் அவ்வாறே செய்து, இப்படி நூற்றுக்கணக்கான குறிகள் சேர்ந்தபிறகு அவற்றை ஒருங்கே பார்க்கும்போது, எந்த ஒரு பாறையிலும் தெரியாத பெரிய மடிப்புகள் படத்தில் எழுந்து வரும். பரங்கிமலையிலிருந்து தெற்கே வரும் குன்றுகளில் இந்த வரிகள் ஏறத்தாழ வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடுகின்றன; கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் பொதுவான போக்கும் அதுவே. ஒரே திசையில் இத்தனை தூரம் பாறை நசுக்கப்பட்டிருப்பதற்கு, பெரும் பிரதேசம் ஒன்றையே பக்கவாட்டில் அமுக்கிய ஒரு சக்தி காரணமாக இருந்திருக்கவேண்டும்.

இந்த வேலையைப் பல்லாவரத்தில் மிக நுணுக்கமாகச் செய்தவர் ஏ. பி. சுப்பிரமணியம். கறுத்த கல், வெளுத்த கல் எல்லாம் ஒரே பாறைக்குழம்பிலிருந்து பிரிந்து உறைந்த ஒரே குடும்பம் என்பது ஹாலந்தின் சித்தாந்தம். இங்கிலாந்தில் ஆர். ஏ. ஹோவி 1955-ஆம் ஆண்டில் இக்கற்களின் ரசாயனத்தை விரிவாக ஆராய்ந்து வெளியிட்ட நான்கு ஆண்டுகளுக்குள், சுப்பிரமணியம் குன்று குன்றாக நடந்து வரைந்த படத்தை வைத்துக்கொண்டு 1959-இல் வேறு விதமாகச் சொன்னார்: கறுத்த பட்டைகள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல, அவை தனி வரலாறு உடையவை, அவற்றோடு, கார்னெட்டும் சில்லிமனைட்டும் நிறைந்த இன்னொரு வகைக் கல்லும் இங்கே இருக்கிறது, அது பாறைக்குழம்பு உறைந்து வந்ததே அன்று. இந்தக் கடைசிச் செய்தியை வாசகர் சற்று நின்று கவனிக்க வேண்டும். சில்லிமனைட் என்பது அலுமினியம் மிகுந்த கனிமம். அவ்வளவு அலுமினியம் ஒரு கல்லில் சேர்வதற்குச் சாதாரண வழி, அது ஒரு காலத்தில் களிமண்ணாக இருந்திருப்பதுதான். அதாவது, ஏதோ ஒரு பழங்கடலின் அடியில் படிந்த சேறு, பூமிக்குள்ளே இழுத்துச் செல்லப்பட்டு, அங்கே வெந்து, அமுங்கி, மறுபடியும் மேலே வந்து பல்லாவரத்தில் கிடக்கிறது. சேற்றை அவ்வளவு ஆழத்துக்குக் கொண்டுபோகக்கூடிய காரியம், நமக்குத் தெரிந்த வரையில், கண்டங்கள் நெருங்கி மலைகள் எழுவதைத் தவிர வேறு அதிகம் இல்லை.

எவ்வளவு ஆழம்? கார்னெட் மணியும் ஹைபர்ஸ்தீன் மணியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில், இரும்பையும் மக்னீசியத்தையும் அவை தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும் விகிதம் உஷ்ணத்தைப் பொறுத்து மாறும். கார்னெட், ஹைபர்ஸ்தீன், ஃபெல்ஸ்பார், படிகக்கல் நான்கும் சேர்ந்திருக்கும் இடத்தில், அவற்றுக்கிடையே சுண்ணமும் அலுமினியமும் இருக்கும் அளவு அழுத்தத்தைப் பொறுத்து மாறும். மின்னணுக் கற்றையை ஒரு மணியின் மேல் பாய்ச்சி, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரு பங்கு அகலமுள்ள புள்ளியின் ரசாயனத்தைக் கணக்கிடும் கருவி வந்த பிறகு, இந்த விகிதங்கள் உஷ்ணமானியாகவும் அழுத்தமானியாகவும் பயன்படத் தொடங்கின. சென்னைக் கற்களுக்குக் கிடைத்த விடை, 700 முதல் 800 பாகை செல்சியஸ் உஷ்ணம். 20 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்துக்குரிய அழுத்தம். காலத்தைச் சொல்லும் சாட்சி சிர்கான் என்னும் சிறுமணி. அது உருவாகும்போது யுரேனியத்தை ஏற்றுக்கொள்ளும், ஈயத்தை ஏற்காது. ஆகவே பின்னால் அதற்குள்ளே காணும் ஈயம் யாவும் யுரேனியம் சிதைந்து பிறந்ததே. யுரேனியத்தின் பெரும்பகுதிக்கு அரை ஆயுள் 447 கோடி ஆண்டு என்பது தெரிந்திருப்பதால், கணக்கு எளிது: சென்னைச் சார்னோக்கைட்டுக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு.

இப்போது ஒரு கூட்டல். சென்னைப் பக்கத்தில் பூமியின் மேலோடு இன்று ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தடிமனுள்ளது என்று பூகம்ப அலைகளைக் கொண்டு அறிந்திருக்கிறார்கள். பல்லாவரத்துக் கல் 25 கிலோமீட்டர் ஆழத்தில் வெந்தது என்று வைத்துக்கொண்டால், அன்று அதற்கு மேலே 25, கீழே 35, ஆக 60 கிலோமீட்டர் தடித்த மேலோடு இங்கே இருந்திருக்க வேண்டும். இன்றைக்கு அத்தகைய தடிமன் இமயத்திலும் ஆண்டிஸிலும் அவை போன்ற சில இடங்களிலும் மட்டுமே உண்டு. பிற்காலத்தில் அடியிலிருந்து புதுப் பாறைக்குழம்பு ஒட்டிக்கொண்டிருக்கலாமே, அப்போது கூட்டல் தப்பாகிவிடுமே என்று மறுப்பவர்களும் உண்டு, மறுப்பு நியாயமானதே. ஆனாலும் தாம்பரத்துக்கு மேலே ஒரு பர்வதம் நின்றது என்ற அனுமானத்தை அது தளர்த்துகிறதே ஒழிய, தகர்க்கவில்லை.

மலைக்குக் கீழே மேலோடு தடிக்கிறது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால், சரித்திரம் நம்மை மறுபடியும் பரங்கிமலைக்கே அழைத்து வருகிறது. வில்லியம் லாம்டன் 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், பரங்கிமலைக்குப் பக்கத்துச் சமவெளியில் தெற்கு நோக்கி ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்தார். இந்தியாவையே முக்கோணங்களால் அளந்து முடித்த மாபெரும் நில அளவைக்கு அதுவே ஆரம்பம். அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் அந்த அளவையை இமயத்தின் அடிவாரம் வரை கொண்டுபோனபோது, கலியானா, கலியான்பூர் என்னும் இரு நிலையங்களுக்கிடையே உள்ள தூரம், நிலத்தில் அளந்தபோது ஒன்றாகவும் நட்சத்திரங்களைக் கொண்டு கணித்தபோது வேறொன்றாகவும் வந்தது. வித்தியாசம் ஐந்து விகலைக்குச் சற்று அதிகம், நிலத்தில் 500 அடிபோல. இமயத்தின் பொருள்திணிவு தூக்குக் குண்டைத் தன் பக்கம் இழுத்திருக்கும் என்று ஊகித்த கல்கத்தாப் பாதிரியார் ஜான் பிராட், அந்த இழுப்பைக் கணக்கிட்டுப் பார்த்தபோது ஒரு விந்தை நேர்ந்தது: வரவேண்டிய பிழை ஏறத்தாழ பதினாறு விகலை, வந்ததோ ஐந்துதான். இவ்வளவு பெரிய மலை ஏன் இவ்வளவு குறைவாக இழுக்கிறது? 1855-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அரச வானியலாளர் ஏரி இதற்கு விடை சொன்னார். தண்ணீரில் மிதக்கும் மரக்கட்டைகளில் மேலே அதிகம் தெரியும் கட்டை கீழேயும் அதிகம் அமிழ்ந்திருப்பதுபோல, மலைக்குக் கீழே லேசான பாறையாலான வேர் ஒன்று, கனமான அடிப்பொருளுக்குள் இறங்கியிருக்கிறது. மேலேயுள்ள மலையின் இழுப்பை அந்த வேரின் லேசு ஈடுசெய்துவிடுகிறது. பிராட் இதை ஏற்காமல் வேறொரு விளக்கம் கூறினார் என்றாலும், இமயத்துக்குப் பொருந்தியது பெரும்பாலும் ஏரியின் வேர்தான்.

வேர் உண்டு என்று ஒப்புக்கொண்டால், பல்லாவரத்துக் கல் மேலே வந்த மர்மமும் அவிழ்கிறது. மலையின் உச்சி தேயத் தேய, சுமை குறைந்த வேர் எழும்பும். மேலே ஆறு அடி கரைந்தால் கீழிருந்து ஏறத்தாழ ஐந்து அடி உயர்ந்துவிடும். ஆகவே மலை உண்மையில் தாழ்வது ஒரே ஓர் அடி. ஐந்து கிலோமீட்டர் உயரமுள்ள மலை சமவெளியாவதற்குள் முப்பது கிலோமீட்டர் பாறை ஆற்றோடு போய்விடும். அத்தனை ஆழத்தில் கிடந்தது வெளிச்சத்துக்கு வந்துவிடும். குன்றுகள் இன்று சிறியவையாக இருப்பது இந்தக் கணக்கின் முடிவே. இதை மறந்து, நீலகிரியும் சேர்வராயன் மலையும் இதே வகைக் கல்லாலானவை, உயரமானவை, எனவே அவை பழைய பர்வதத்தின் எச்சங்கள் என்று எண்ணிவிடக்கூடாது. அவற்றின் கல் பழையது, உயரமோ மிகப் பிற்காலத்தில் நிலம் எழும்பியதால் வந்தது.

ஒரு மலையின் குறுக்குவெட்டையே நடந்து பார்க்கலாம் என்றால் நம்புவது கடினம். ஆனால் கர்நாடகத்தின் நடுவிலிருந்து கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாகத் தெற்கே வருகிறவர் அதைத்தான் செய்கிறார். தென்னிந்தியாவின் மேலோடு வடக்கே தாழ்ந்து தெற்கே உயர்ந்து சாய்ந்த நிலையில் அரிக்கப்பட்டிருப்பதால், தெற்கே போகப்போக, ஒரு காலத்தில் மேலும் மேலும் ஆழத்தில் இருந்த பாறைகள் காலடியில் வருகின்றன. சார்னோக்கைட் தென்படத் தொடங்கும் எல்லையை 1936-ஆம் ஆண்டில் ஃபெர்மர் என்பவர் குறித்துக் காட்டினார். அந்த எல்லைக்கருகே, பெங்களூருக்குத் தெற்கேயுள்ள கப்பல்துர்கத்தின் கல்குவாரியில், சாம்பல்நிறப் பாறைக்குள்ளே திட்டுத்திட்டாகவும் கோடுகோடாகவும் கரும்பச்சைச் சார்னோக்கைட் படர்ந்திருப்பதை சி. எஸ். பிச்சமுத்து கண்டு, சார்னோக்கைட் உருவாகிக்கொண்டிருக்கும் நிலையிலேயே பிடிபட்டுவிட்டது என்று 1960-இல் எழுதினார். பல்லாவரத்தில் முடிந்துபோன காரியம் கப்பல்துர்கத்தில் பாதியில் நின்றிருந்தது. 1979-ஆம் ஆண்டில் மைசூரைச் சேர்ந்த ஜனார்த்தனும் அமெரிக்க விஞ்ஞானிகளான நியூட்டன், ஸ்மித் ஆகியோரும், ஆழத்திலிருந்து எழுந்த கரியமிலவாயு பாறையின் நீரை விரட்டியதே இந்த மாற்றத்துக்குக் காரணம் என்றனர். பாறை ஓரளவு உருகியபோது அந்த உருகிய பகுதி நீரை உறிஞ்சிக்கொண்டு விலகியிருக்கலாம், வாயு ஏதும் தேவையில்லை என்பது எதிர்க்கட்சி. இரண்டும் வெவ்வேறு இடங்களில் நடந்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரே சாவியால் எல்லாப் பூட்டையும் திறக்கும் ஆசை விஞ்ஞானிகளுக்கும் உண்டு.

இன்னும் தெற்கே காவிரியைத் தாண்டினால் கதை வேறாகிறது. கொடைக்கானல், மதுரைப் பக்கத்துப் பாறைகளில் சிர்கானும் அதன் உறவுக் கனிமங்களும் 55 கோடி ஆண்டு என்ற வயதையும் காட்டுகின்றன. இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, அண்டார்க்டிகா யாவும் ஒன்றுகூடிக் கோண்டுவானா என்ற பெருங்கண்டமான காலம் அது. அப்போது மறைந்த கடலொன்றின் தழும்பு பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காவிரியோரமாக ஓடுகிறது என்று ஒரு சாராரும், தழும்பு அங்கே இல்லை, இன்னும் தெற்கே தேடுங்கள் என்று மற்றொரு சாராரும் சொல்கிறார்கள். கரூர், நாமக்கல் வட்டாரங்களில் கோடைதோறும் சாய்வுமானியோடு நடப்பவர்கள் இந்த வழக்கைத் தீர்க்கத்தான் நடக்கிறார்கள். சென்னையின் பர்வதமோ அதற்கு ஏறத்தாழ இருநூறு கோடி ஆண்டு முந்தியது. அத்தனை பழைய காலத்தில் கண்டங்கள் இன்றுபோல் நகர்ந்து மோதினவா, அல்லது பூமி உள்ளே அதிக உஷ்ணமாக இருந்ததால் மலைகள் வேறு முறையில் எழுந்தனவா என்பது இன்னும் சூடாகவே விவாதிக்கப்படுகிறது.

அந்த விவாதத்துக்கு வேண்டிய சாட்சியம் பல்லாவரத்தில் குறைந்துகொண்டே வருகிறது. பரங்கிமலைச் சார்னோக்கைட்டைப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. மற்றக் குன்றுகளுக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. திரிசூலத்திலும் பம்மலிலும் நன்மங்கலத்திலும் கல்குவாரிகள் குன்றுகளைக் குடைந்து தள்ளின. சிக்கராயபுரத்துக் குவாரிப் பள்ளங்களோ, 2017-ஆம் ஆண்டு வறட்சியில் நகரத்துக்குக் குடிநீர் கொடுக்கும் அளவுக்கு ஆழமானவை. இதில் பூகர்ப்ப சாஸ்திரிகளின் நிலை சங்கடமானது, ஏனென்றால் துருவேறாத புதிய பாறைமுகத்தை அவர்களுக்குத் திறந்து காட்டியதும் அதே குவாரிக்காரர்கள்தாம். கப்பல்துர்கத்தின் உண்மை வெளிப்பட்டதும் ஒரு குவாரியில்தான். ஜல்லியாக உடைந்த கல்லிலும் சிர்கான் இருக்கும். அதன் வயதை எந்தச் சோதனைச்சாலையிலும் கணக்கிடலாம். கார்னெட் மணி கிடைத்தால் ஆழத்தையும் கணக்கிடலாம். ஆனால் அந்தப் பர்வதம் எந்தத் திசையிலிருந்து அமுக்கப்பட்டது என்பதை, பிறந்த இடத்தில் அசையாமல் நிற்கும் பாறையில் மட்டுமே அளக்க முடியும்; அடுக்குமாடிகளுக்கும் பள்ளத்து நீருக்கும் நடுவே அப்படி நிற்கும் பாறைகளைத் தேடி, சுப்பிரமணியம் வரைந்த படத்தோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளும் வேலையை இப்போதுள்ள மாணவர்கள்தாம் செய்யவேண்டும்.